நல்லகாமன் முகம் படித்த வாரம்

ணங்.

கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே நல்லகாமன் அதை எடைபோட்டுவிட்டான். எவர்சில்வர். தட்டில்லை, மூடி. கை தவறி விழுந்த சத்தமில்லை, வைத்த சத்தம். சும்மா வைத்ததும் இல்லை, உள்ளறையில் படுத்திருப்பவன் காதில் விழ வேண்டும் என்றே வைத்தது.

பகலில் தூங்குகிறவனுக்குக் காதுதான் கண். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பார்சல் ஆபீஸில் ராத்திரி கிளார்க்கு வேலை. ஊரெல்லாம் படுக்கும்போது போய் லாரியிலிருந்து இறங்குகிற மூட்டைகளுக்கு நம்பர் போட்டுவிட்டு, ஊரெல்லாம் எழும்போது வந்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுப்பான். பதிமூன்று வருஷமாக வீடு என்பது அவனுக்குத் துண்டுக்கு வெளியே கேட்கிற சத்தம்தான். 'டக்' என்றால் நல்லது. 'டங்' என்றால் மச்சினன் வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது. 'ணங்' மட்டும் லேசில் கேட்காது. கடைசியாகக் கேட்டு ஒன்பது வருஷம். பீடியை விட்டுவிட்டதாக அவன் சொன்னது பச்சைப் பொய் என்று தெரிந்த அன்றைக்குக் கேட்டது. மறுநாள் அன்னக்கொடி அண்ணன் வீட்டுக்கு உசிலம்பட்டி பஸ் ஏறிவிட்டாள். நாற்பத்தோரு நாள். மலைக்கு மாலை போட்டவன் மாதிரி நல்லகாமன் ஒருவேளைச் சாப்பாட்டில் கிடந்தான். சாமி தரிசனம்கூடக் கிடைக்கவில்லை.

இந்தத் தடவை அவன் மடியில் இருந்த கனம் பீடிக்கட்டை விடப் பெரிது.

ராத்திரி வேலைக்குச் சேர்ந்தபோது மனைவியிடம் சொன்ன வாக்கு இது: "ரெண்டே வருஷம். அப்புறம் பகலுக்கு மாத்திக்கிருவேன்." ரெண்டு பதிமூன்றாகிவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் கேட்பாள். "எடம் காலியில்லத்தா" என்று இவன் சொல்வான். போன தை மாதம் மகள் தமிழ்ச்செல்வியைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் ராத்திரிக்கு அவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு அவள் கேட்பதையும் விட்டுவிட்டாள். அது இன்னும் பயமாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை மேனேஜர் சிவபாண்டி அவனைக் கூப்பிட்டு, "அண்ணே, பகல்ல ஒரு எடம் காலி. ஒங்களுக்குத்தான் மொத உரிமை. எடுத்துக்கிறீகளா?" என்று கேட்டார்.

நல்லகாமன் வாயிலிருந்து அவனைக் கேட்காமலே வந்தது: "யோசிச்சுச் சொல்றேன் சார்."

"அடுத்த சனிக்கிழமை எங்கம்மாவப் பாக்க நானே ஒங்க செல்லூருக்குத்தான் வாரேன். அப்பச் சொல்லுங்க. அன்னைக்கே வேணும்னு சொல்லலன்னா வேற ஆளுக்குப் போயிரும்."

யோசிக்க ஒன்றுமில்லை. வேண்டாம். காரணம் மட்டும் வெளியே சொல்லுகிற மாதிரி இல்லை. பதிமூன்று வருஷத்தில் அவனுக்கு ராத்திரி தூங்குவது எப்படி என்று மறந்துபோயிருந்தது. லீவு நாளில் படுத்துப் பார்த்திருக்கிறான். விட்டத்தில் பல்லி நடப்பது கேட்கும். பக்கத்தில் ஓர் ஆள் மூச்சு விடுவது கேட்கும். அந்த ஆளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் விடிகிறவரை தூங்குவது போலக் கிடப்பான். கோடவுனில் அந்தக் கஷ்டம் இல்லை. மூட்டைகள் யாரையும் பேசச் சொல்வதில்லை.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்று. இது அன்னக்கொடிக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால் அடுத்த உசிலம்பட்டி பஸ் எத்தனை மணிக்கு?

"அன்னம்" என்றான் துண்டுக்குள்ளிருந்து.

"ம்."

"மூடி கீழ விழுந்துருச்சா?"

"இல்ல."

"கோவமா?"

"இல்ல."

"பின்ன ஏன் மூணு நாளாப் பேசல?"

"பேசிக்கிட்டுத்தான இருக்கேன்."

இதற்கு மேல் ஒரு புருஷன் என்ன கேட்க முடியும்? அன்னக்கொடி பதினாலு வயதிலிருந்து பவர்லூம் செட்டு என்கிற தறிக்கொட்டகையில் துண்டு நெய்கிறவள். சாதாரணமாகப் பேசினாலே சந்து முனையில் இருப்பவன் "என்னையவா கூப்புட்டீக?" என்பான். அப்படிப்பட்டவள் 'ம்' என்றால் அது 'ம்' இல்லை, இடி விழுவதற்கு முன்னால் வருகிற அமைதி.

அவள் எட்டு மணிக்குச் செட்டுக்குக் கிளம்பிப் போனதும், நல்லகாமன் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவனை விட்டுவிட்டது. அவன் படிப்பை விடவில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டதை எடைக்கு வாங்கிப் படிக்கிறவன். இந்தப் புத்தகத்துக்கு அட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. எழுதியவர் யார், சொன்னதை அவரே கடைசியில் மறுத்தாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. முகத்தையும் கையையும் காலையும் பார்த்தே எதிராளியின் மனசைப் படித்துவிடலாம் என்பது நடுவில் மிச்சமிருந்த பக்கங்களின் சாரம். மூக்கைத் தொட்டால் எதையோ மறைக்கிறார். கையைக் கட்டினால் மனசைப் பூட்டுகிறார். பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் போக நினைக்கிறார்.

நல்லகாமன் அன்றைக்கே ஒரு சபதம் எடுத்தான். வாயால் சொல்லாததை மூஞ்சியிலிருந்து எடுத்துவிடுவது.

அன்று சாயந்திரம் அவள் வேலை முடிந்து வந்து அடுப்படியில் நின்றாள். இவன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தான். அவள் மூக்கைத் தொட்டாள். மறைக்கிறாள்! மறுபடியும் தொட்டாள். பெரிதாக மறைக்கிறாள்! மூன்றாவது தடவை தும்மினாள். அப்போதுதான் வரமிளகாய் கருகுகிற நெடி இவனுக்கும் ஏறியது. சரி, மூக்குக் கணக்கில் சேராது. பாதத்தைப் பார்த்தான். வலது பாதம் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"எங்கிட்டும் போறியா?"

"ஆமா."

"எ... எங்க?"

"தண்ணி வண்டி வந்துருச்சு. கொடத்த எடுங்க."

குடத்தை எடுத்துக் கொடுத்தான். அவள் ரெண்டு குடத்தோடு திரும்பி வந்து, இவன் இன்னும் தன் காலையே பார்ப்பதைப் பார்த்தாள்.

"என்ன, கொலுசு வாங்கித் தரப் போறீகளா?"

"இல்ல... சும்மா."

"சும்மா பாத்தா சும்மாவே இருங்க."

புத்தகத்தில் இதற்குப் பக்கம் இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் மனுஷன் எங்கே போவான்? டீக்கடைக்குத்தான். அவர்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, எதிர் வரிசையில், அழகுராஜாவின் கடை. ஒரு பலகை, ஒரு அடுப்பு, ஒரு அழகுராஜா. காலையில் வேலை விட்டு வந்ததும் ஒரு டீ, சாயந்திரம் வேலைக்குப் போகும் முன் ஒரு டீ. பதிமூன்று வருஷமாக நல்லகாமன் வாய் திறந்து பேசுகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அங்கிருந்து பார்த்தால் அவன் வீட்டு மாடி ஜன்னல் தெரியும். அதற்கு நேர் எதிரே மாயக்காள் வீட்டு ஜன்னல். அன்னக்கொடியோடு அதே செட்டில் தறி ஓட்டுகிறவள். ரெண்டு பேரும் இந்த ஜன்னலிலும் அந்த ஜன்னலிலுமாக நின்று, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார்கள். வெற்றிலை போடுகிறார்கள் என்று நல்லகாமன் வெகுநாளாக நினைத்திருந்தான்.

"மாப்ள," என்றான் அழகுராஜாவிடம், குரலைத் தரையோடு தரையாக இறக்கி. ரகசியம் பேசும்போது அவனுக்கு ஒரு பழக்கம். குரல் எம்புட்டுக் குறைகிறதோ அம்புட்டுக்கு உதட்டைக் கூட்டுவான். ஒவ்வோர் எழுத்தையும் ஒண்ணாம் கிளாஸ் வாத்தியார் மாதிரி வாயில் வடிவம் பண்ணிச் சொல்வான். "நாளைக்குக் காலைல வீட்டுக்குப் போயி நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லப் போறேன். பகல் வெயில் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்னு ஒரு பிட்டு. அவ மூஞ்சி எப்புடி மாறுதுன்னு பாத்தா, நா சொன்னனே, அந்தப் பகல் வேல விசயம், அவளுக்குத் தெரியுமா தெரியாதான்னு தெரிஞ்சுபோகும்."

"பொய் சொல்லித்தான ஏற்கனவே நாப்பத்தோரு நாள் கஞ்சி குடிச்ச?"

"அது பீடிப் பொய். இது ஆராய்ச்சி."

மறுநாள், வியாழக்கிழமை காலை, மாடிப்படி ஏறும்போதே நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். முகத்தைக் கண்ணாடி பார்த்துப் பழகிய கோணத்தில் சுருக்கிக்கொண்டான். கதவைத் தள்ளினான்.

அன்னக்கொடி வாசலிலேயே நின்றாள். ஒரு கையில் ஓமத்தண்ணி. இன்னொரு கையில் நல்லெண்ணெய்க் கிண்ணம்.

"நெஞ்சு வலிதான? படுங்க, தேய்க்கிறேன்."

வாய் திறக்கவே இல்லையே! வலிக்கிறது என்ற சொல் இன்னும் தொண்டையில்தான் இருந்தது. ஓமத்தண்ணி அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அவள் தேய்த்த தேய்ப்பில் இல்லாத வலி உண்மையாகவே வந்தது.

"ஒனக்கு... எப்புடித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதாக்கும்?"

முகத்தைப் படிப்பது ரெண்டு பக்கமும் ஓடுகிற தறி நாடா என்று புத்தகத்தில் சொல்லவே இல்லையே.

சாயந்திரம் அழகுராஜாவிடம் அடுத்த திட்டம் போனது. "இப்பப் போயி ரெண்டு முழம் மல்லி வாங்கிட்டு வாரேன். திடீர்னு கையில குடுக்கணும். பூ வாங்குற பொம்பள கண்ணு பொய் சொல்லாதாம். எழுபதாம் பக்கம்."

முனைக்குப் போய்ப் பூ வாங்கிக்கொண்டு திரும்பினான். அன்னக்கொடி கூந்தலில் ஏற்கனவே நாலு முழம் மணத்துக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் வாசல்ல பூக்காரி வந்தா, நானே வாங்கிட்டேன். அத சாமி படத்துக்குப் போடுங்க."

"எனக்காக வெயிட் பண்ணியிருக்கலாம்ல?"

"நீங்க வாங்கிட்டு வருவீகன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்றாள், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

சாமி படத்துக்குப் பூப்போட நாற்காலியில் ஏறினான். பரணில் கை பட்டது. பரணில் ஒன்று குறைந்தது. கறுப்பு டிராவல் பேக். அது கீழே, சுவரோரம், துடைத்து வைத்தபடி இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உசிலம்பட்டி போன அதே பேக்.

அன்று ராத்திரி கோடவுனில் தேனிக்குப் போக வேண்டிய பதினோரு மூட்டைக்குத் தூத்துக்குடி நம்பர் போட்டான்.

வெள்ளிக்கிழமை காலை நேராக டீக்கடைக்கு வந்து அழகுராஜாவின் சட்டையைப் பிடித்தான்.

"நீதான சொன்ன?"

"என்னத்த?"

"நெஞ்சு வலி. பூ. ரெண்டும் ஒன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"டேய், நா எங்க போயிச் சொல்ல? அடுப்ப விட்டு நகந்தா பால் பொங்கும். ஒன் பொண்டாட்டி நம்பர்கூட எங்கிட்ட இல்ல. எங்க ஆத்தா மேல சத்தியம்."

"அப்ப எப்புடித் தெரியுது?"

அழகுராஜா அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். "மாப்ள, தப்பா நெனைக்காத. ஒன் மூஞ்சி கண்ணாடி மூடி போட்ட முறுக்கு டப்பா மாதிரி. உள்ள எத்தன இருக்குன்னு வெளியவே தெரியும்."

அப்படியென்றால் குற்றவாளி மூஞ்சிதான். மூஞ்சியை மறைத்தால் போச்சு. நல்லகாமன் மேல்சட்டைப் பையைத் தடவினான். கோடவுன் தூசிக்கு வைத்திருந்த மாஸ்க் இருந்தது. கண்ணுக்குக் கீழே இழுத்து மாட்டினான்.

"என்னடா, திரும்பவும் கொரோனாவா?"

"சோதனை. இப்பப் போயி எனக்குக் காய்ச்சல்னு சொல்லப் போறேன். பாப்போம்."

போனான். கதவைத் தள்ளினான். கஞ்சி இல்லை. கசாயம் இல்லை. அன்னக்கொடி அவனை மேலும் கீழும் பார்த்தாள். புருவம் சுருங்கியது. முதல் தடவையாக அவள் முகத்தில் குழப்பம்!

"என்ன கோலம் இது?"

"கா... காய்ச்சல்."

"அப்படியா?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "எப்பலருந்து?"

கேட்கிறாள்! தெரியாமல் கேட்கிறாள்! இருபது ரூபாய் மாஸ்க்கு அவன் மனசுக்குப் பூட்டுப் போட்டுவிட்டது. நல்லகாமன் அன்று பகல் பூராவும் மாஸ்க்கோடேயே தூங்கினான். மூச்சு முட்டியது. ஆனால் நிம்மதியாக முட்டியது.

நிம்மதிக்கு ஆயுசு சாயந்திரம் வரை. மாலையில் மாஸ்க்கோடு டீக்கடையில் போய் நின்றபோது பயம் மறுபடியும் காலைச் சுற்றியது. அந்த பேக்கோடுதான் அன்னக்கொடி காலையில் வேலைக்குப் போயிருந்தாள். அப்படியே பஸ் ஏறியிருந்தால்? ஆறு மணிக்குச் சந்து முனையில் அவள் தலை தெரிகிற வரைக்கும் அவனுக்கு உயிர் இல்லை. பேக் பிதுங்க, மாயக்காளோடு வந்தாள். கடையைத் தாண்டும்போது மாயக்காள் இவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னண்ணே, வாய் கட்டியிருக்கீக?"

"தூசி."

"பேக்ல என்ன?" என்று மனைவியிடம் கேட்டேவிட்டான்.

"நாளைக்கு மாச ஷட்டவுன். கரண்டு ரெண்டு மணிக்குத்தான் வரும். எங்க செட்டுக்கு மட்டும் லீவு. வீட்டுல பிசிறு வெட்டத் துண்டு கொண்டாந்தேன். ஏன், பேக்குக்குள்ள என்ன இருக்கும்னு நெனச்சீக?"

"ஒண்ணுமில்ல."

அவர்கள் ரெண்டு பேரும் அவரவர் வீட்டுக்கு ஏறிப் போனார்கள். நல்லகாமனுக்கு உடம்பு லேசானது. அழகுராஜா டீயை நீட்டினான். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு டீ குடிக்க எந்தப் புத்தகத்திலும் வழி சொல்லவில்லை. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினான். ஒரு வாய் குடித்தான். இறக்கியது இறக்கியபடியே, உதட்டைக் கூட்டி, ரகசியமாகச் சொன்னான்.

"நாளைக்கு ரெண்டு மணி வாக்குல சிவபாண்டி சார் வாராரு. வீட்டுக்கு ஏறுனார்னா அன்னம் முன்னாடியே பகல் வேலையப் பத்திக் கேட்டுருவாரு. ஏறவிடக் கூடாது. இங்கயே மறிச்சு, 'பகல் வேணாம் சார், நா ராத்திரியே இருந்துக்கிறேன்'னு சொல்லி அனுப்பிரணும். அவளுக்குச் சென்மத்துக்கும் தெரியாது."

"அந்தப் பிள்ள பாவம்டா. தனியாக் கெடக்கு. பகல்தான் எடுத்துக்கயேன்?"

நல்லகாமன் கிளாசில் மிச்சமிருந்த டீயைச் சுழற்றினான். "எனக்கு ராத்திரி தூக்கம் வராது மாப்ள. விடிய விடிய ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரு. என்ன பேசுறது? பேசத் தெரிஞ்சிருந்தா நா ஏன் ஒன் கடையில வந்து நிக்கிறேன்?"

குடித்து முடித்து மாஸ்க்கை ஏற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை. கரண்டு இல்லாத செல்லூர், காது கேட்காதவன் கனவு மாதிரி இருந்தது. முப்பது செட்டும் நின்றுபோய், எங்கோ குழந்தை அழுவதெல்லாம் கேட்டது. அன்னக்கொடி மாடியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காலையிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூல் பிசிறைச் சின்னக் கத்திரியால் வெட்டி, மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நறுக், நறுக். ஒவ்வொரு நறுக்கும் நல்லகாமனுக்குத் தன்மேல் விழுந்தது.

ரெண்டு மணிக்கு ஐந்து நிமிஷம். சிவபாண்டியின் பைக் சந்துக்குள் திரும்பியது. நல்லகாமன் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு மூன்று மூன்று படியாக இறங்கி ஓடினான். டீக்கடை முன்னால் நடுச்சந்தில் நின்று மறித்தான்.

"சார், வாங்க, டீ சாப்புடுங்க."

"வீட்டுக்கே வாரேனே அண்ணே. அண்ணியப் பாத்து நாளாச்சு."

"அவளுக்கு ஒடம்பு சரியில்ல. இங்கயே பேசிருவோம்."

நிற்கிற நிலையை அவன் திட்டமிட்டே வைத்திருந்தான். முதுகு வீட்டுப் பக்கம். ஜன்னலிலிருந்து யாராவது பார்த்தாலும் இவன் என்ன பேசுகிறான் என்று எந்த அடையாளமும் கிடைக்கக் கூடாது. கை ரெண்டும் பாக்கெட்டில். தலை அசையக் கூடாது. உடம்பு கல். கண்ணில் மட்டும், மேனேஜருக்கு மரியாதையாக ஒரு சிரிப்பு. இதெல்லாம் நாற்பத்திரண்டாம் பக்கம்.

"அப்பச் சொல்லுங்கண்ணே. பகலா, ராத்திரியா?"

நல்லகாமன் மூச்சை இழுத்து வாயைத் திறந்தான். அந்த நொடியில் கரண்டு வந்தது.

அன்னக்கொடியின் செட்டைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக எழுந்தன. சந்தே தறியாகிவிட்டது. பலகைமேல் டீ கிளாஸ்கள் நடனமாடின. "பகல் வேணாம் சார்!" என்று நல்லகாமன் கத்தினான். அது மாஸ்க்கைத் தாண்டுவதற்குள்ளேயே செத்துப்போனது. கையை ஆட்டியிருந்தால் தெரிந்திருக்கும். தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும். ஆனால் புத்தகம் படித்தவன் ஆட்டுவானா? கல் மாதிரி நின்று கண்ணால் சிரித்தான்.

சிவபாண்டி காதில் கைவைத்து, "என்னது?" என்பதுபோல் பார்த்தார். பிறகு அவர் பார்வை நல்லகாமன் தலைக்கு மேலாக எங்கேயோ போனது. புருவம் உயர்ந்தது. வாய் சத்தமில்லாமல் அசைந்தது. ஒரு விரலால் சூரியனைக் காட்டினார். ஒன்பது விரலைத் தூக்கிக் காட்டினார். மறுபடி மேலே பார்த்தார். சிரித்தார். நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தலையை ஆட்டினார்.

நல்லகாமன் மூளை பரபரவென்று பக்கம் புரட்டியது. மேலே பார்ப்பது, யோசிக்கிறார். சூரியன், பகல் வேலை. ஒன்பது விரல், ஒன்பது பேர் அதற்குக் காத்திருக்கிறார்கள். நெஞ்சில் கை, மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்ததற்கு நன்றி. பிரமாதம்! இவனும் கண்ணால் சிரித்து, இதற்கு மட்டும் தைரியமாக, மூன்று தடவை தலையை ஆட்டினான்.

மேனேஜர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஜெயித்தாகிவிட்டது. நல்லகாமன் மாஸ்க்கைக் கழற்றிச் சாக்கடையில் வீசினான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் படியை மெதுவாக ஏறினான்.

அன்னக்கொடி ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு நின்றிருந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு, தறியைத் தாண்டிக் கேட்கிற அவளுடைய சொந்தக் குரலில் பேசினாள்.

"திங்கக்கிழம ஒம்பது மணிக்கு வரச் சொல்லிட்டாரு. எட்டுக்கே கெளம்பிருங்க."

"எங்க?"

"பகல் வேலைக்கு. நீங்கதான் மூணு தடவ தலையாட்டுனீகளே."

நல்லகாமன் நிலையைப் பிடித்துக்கொண்டான். "நா... அவரு... யாரு சொன்னா?"

"நா சொன்னேன். ஜன்னல்ல நின்னு. 'கூச்சப்படுறாரு, பகல்தான் வேணும், எழுதிக்கங்க'ன்னு சொன்னேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே!"

"சத்தமாச் சொன்னாத்தான கேக்கும்? தறிச் செட்டுல யாரு சத்தமாப் பேசுறா? தொண்டை கிழிஞ்சுரும். ஒதட்டயும் கையையும் பாத்தே பேசிக்கிருவோம். செட்டு அறுவது அடி. இந்தக் கோடில நின்னுக்கிட்டு அந்தக் கோடில இருக்கறவ என்ன கொழம்பு வெச்சான்னு நா சொல்லிருவேன். சிவபாண்டி தம்பி அம்மாவும் எங்க செட்டுதான். அது தறிக்கு அடியிலயே தவழ்ந்த பிள்ள."

நல்லகாமன் மெல்ல ஜன்னலைப் பார்த்தான். அதன் வழியாக, நாலு வீடு தள்ளி, ஒரு பலகை, ஒரு அடுப்பு, ஒரு அழகுராஜா. இங்கிருந்து அறுபது அடிகூட இருக்காது.

"அப்ப... டீக்கடைல நா பேசுனதெல்லாம்?"

"ம்."

"இந்த வாரமா?"

"பதிமூணு வருசமா. மழ பேஞ்சா அழகுராஜா அண்ணே முன்னால சாக்கத் தொங்கவிட்டுருவாரு. அன்னைக்கு மட்டும் தெரியாது. நேத்துக் காலைல நீங்க மாட்டுனீகளே ஒரு துணி, அதுக்கும் தெரியல. ஆனா சாயந்திரம் டீ குடிக்க எறக்கிட்டீக."

பதிமூன்று வருஷம், ஒரு நாளைக்கு ரெண்டு டீ.

"புளிக்கொழம்பு பத்தி..."

"கழனித்தண்ணின்னீக."

"ஒங்கண்ணன..."

"வேட்டி கட்டுன எருமைன்னீக. அது சரிதான்."

"அன்னம், எல்லாம் தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

அவள் உட்கார்ந்தாள். பாதியில் விட்டிருந்த துண்டை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சொன்னா வாயப் பொத்திக்கிருவீக. அப்பறம் நீங்க பேசுறத நா எங்க போயிக் கேக்குறது? வீட்டுல நீங்க பேசுனது 'சோறு', 'சட்ட', 'வாரேன்'. அம்புட்டுத்தான். மிச்சமெல்லாம் அந்தப் பலகையிலதான பேசுனீக. நா இங்க நின்னு கேட்டுக்கிட்டேன்."

வெளியே தறி ஓடிக்கொண்டே இருந்தது. நல்லகாமன் தரையில் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"எனக்கு ராத்திரி தூக்கம் வராதே, அன்னம்."

"தெரியும். நேத்துச் சொன்னீக."

"பேசவும் வராதே."

"அதையுந்தான் சொன்னீக. சத்தத்தோட வரலன்னா சத்தமில்லாமப் பேசுங்க. எனக்குப் புரியும்."

இதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் சொல்லாத ஒன்று. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுந்தான். ஜன்னலைத் திறந்தான். அவளுக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல், வழக்கம்போல ஒவ்வோர் எழுத்தாக உதட்டைக் கூட்டிச் சொன்னான்.

எதிர் ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாயக்காள் கையிலிருந்த பாவாடையை நழுவவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். கண் ரெண்டும் விரிந்தன.

"ஐயோ, அண்ணே!" என்று அவள் உதடு அசைந்தது. அதை இவனாலேயே படிக்க முடிந்தது.

"இங்கிட்டுத் திரும்பிச் சொல்லணும்" என்றாள் அன்னக்கொடி பின்னாலிருந்து. "அங்கிட்டுத் திரும்பிச் சொன்னா அவளுக்குத்தான் தெரியும்." அவனை ஒதுக்கிவிட்டு ஜன்னலில் தலையை நீட்டி, என்ன சொன்னார் என்று கையாலேயே கேட்டாள். மாயக்காள் முந்தானையைக் கடித்துக்கொண்டு, கையும் உதடுமாக, ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொன்னாள்.

அன்னக்கொடி திரும்பினாள். முகத்தில் என்னவோ இருந்தது. அது புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்று நல்லகாமனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவள் பழைய இடத்தில் உட்கார்ந்து கத்திரியை எடுத்தாள்.

"அந்த நுனியப் பிடிங்க."

பிடித்தான். நறுக்.